சாய்த்து எடுத்த படம்

என் வீட்டு நிதியமைச்சருக்கு,

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் பார்த்த டாக்டரம்மாவை நேற்றுத் தடுத்துவிட்டேன். பதறாதே, நலமாகத்தான் இருக்கிறேன். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

எக்ஸ்ரேயில் வேர் நெடுக ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது.

"வேர் வெடிச்சிருக்கு. எடுத்துத்தான் ஆகணும்" என்றார்.

"இருபது வருஷமா துணி விக்கிறேன் டாக்டர். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துட்டு கிழிசல்னு தள்ளினதில்ல. சாய்ச்சு இன்னொரு படம் எடுங்க."

"நீங்க டாக்டரா, நான் டாக்டரா?"

"நீங்கதான். ஆனா பல்லு என்னுது."

முறைத்துக்கொண்டே எடுத்தார். அந்தப் படத்தில் இரண்டு வேர்கள் தனித்தனியாக, முழுசாக நின்றன. முதல் படத்தில் ஒரு வேரின் நிழல் இன்னொன்றின்மேல் விழுந்ததில், அதன் ஓரம் வெடிப்புபோலத் தெரிந்திருக்கிறது. நுனியில் மட்டும் சீழ்.

"உங்க கடைக்கு வந்தா நானும் பிரிச்சுப் பார்த்துத்தான் வாங்குவேன்" என்று சிரித்துவிட்டார்.

ஒரு பக்கமாகவே மெல்லுவதால் சாப்பிட்டு முடிக்க முக்கால் மணி நேரமாகிறது. அந்த நேரத்தில் போன் போடு. பேசக்கூட வேண்டாம், ஸ்பீக்கரில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார்.

கடை திறக்க நேரமாகிவிட்டது. பேசி முடித்தது இதுதான்: பல்லைப் பிடுங்குவதில்லை. மூன்று தடவையில் வேரைச் சுத்தம் செய்து அடைத்து, மேல் உறையும் சேர்த்து ஒரே தொகை. இரண்டாவது படத்துக்குக் காசு கிடையாது.