சிட்டுக்குக் கடுவன் தேடிய பதினாறு நாள்

மாசி 3, திங்கள்

பனி இன்னும் விடவில்லை. கா. 6 மணி. பெட்டை நாய் சிட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன், அது படுக்கும் சாக்கில் இரத்தத் துளி. பருவம் வந்துவிட்டது. வயசு எட்டு. இன்னும் ஒரு ஈத்துக்கு மேல் தாங்காது என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் போன வருஷமே சொல்லிவிட்டார். போன ஈத்தில் நாலு குட்டி. நாலும் கழிச்சலில் போயின. தகப்பனார் காலத்திலிருந்து கலப்பில்லாமல் வந்த சிப்பிப்பாறை வம்சம். இந்தத் தடவை விட்டால் அதோடு சரி.

இன்று முதல் நாள். பத்திலிருந்து பதிமூன்றாம் நாளுக்குள் நல்ல ஆண் நாயாக, கடுவனாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும். அதாவது மாசி 12 முதல் 15 வரை. தெரு நாய் எதுவும் அண்டாமல் சிட்டுவை மாட்டுக் கொட்டகையில் பூட்டியாயிற்று.

மாசி 5, புதன்

ஆபீசில் வேலை ஓடவில்லை. எந்தக் கடுவன்?

மில் துரையின் நாய். உயரம் உண்டு, ஓட்டம் உண்டு. சீமை ஜாதி. வேண்டாம்.

வண்டியூர்த் தரகர் நாய். பார்க்க லட்சணம். வேட்டுச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடும் என்று கேள்வி.

கீழக்குயில்குடி வேங்கை. ஆழமான நெஞ்சு, ஒட்டின வயிறு. துரத்தின முயலை விட்டதில்லை. ஜில்லாவில் இதற்கு மேல் கடுவன் கிடையாது. கிடையாது என்று எனக்கே தெரிகிறது, அதுதான் எரிச்சல். அது என் மச்சான் வீட்டு நாய்.

மச்சான் என்றால் என் மனைவி மீனாட்சியின் அண்ணன். மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அவர் மகள் வள்ளி என் மகன் சுந்தரத்துக்கு உரிமைப் பெண். திண்டுக்கல் ஓவர்சியருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று நாலு பேர் முன்னால் சொன்னவன் நான். சுந்தரத்துக்கு வயசு இருபத்தேழு. எந்த வரன் வந்தாலும் வேண்டாம் என்கிறான்.

பல் வலி. கிராம்பு வைத்தேன்.

மாசி 9, ஞாயிறு

மீனாட்சி என்னிடம் கேட்காமலே கீழக்குயில்குடி போய்விட்டு வந்தாள். பொழுது சாயத் திரும்பினாள், மடியில் மொச்சைக்காய். மச்சான் சொல்லியனுப்பியது: வழக்கப்படி கடுவன்காரனுக்குச் சேர வேண்டிய முதல் குட்டிகூட அவருக்கு வேண்டாமாம். ஆனால் பெட்டைக்குச் சொந்தக்காரன்தான் வெற்றிலை பாக்கோடு வந்து வாய்விட்டுக் கேட்க வேண்டுமாம். ஆள் வசம் அனுப்பினால் வாங்க மாட்டாராம்.

வழக்கம் அதுதான், நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனாலும் எம்புட்டுக் கொழுப்பு. மொச்சைக் குழம்பைத் தொடவில்லை.

மாசி 13, வியாழன். பதினோராம் நாள்

லீவு போட்டு, ஜட்காவில் வண்டியூர். தரகர் காப்பி கொடுத்தார், நாயின் பெருமையை ஒரு மணி நேரம் சொன்னார். இரண்டையும் கொல்லையில் விட்டோம். கடுவன் கிட்டே வருகிற நேரம், மாரியம்மன் கோவில் பக்கம் யாரோ வேண்டுதல் வெடி போட்டார்கள். ஒரே ஓட்டம். வைக்கோல் போருக்குள்ளிருந்து இழுத்து வந்தும் நடுக்கம் நிற்கவில்லை. தரகர் "நாளைக்கு வாங்க அண்ணே" என்றார். இந்தப் பயந்தாங்கொள்ளியின் குட்டி எனக்கு எதற்கு?

மாசி 14, வெள்ளி. பன்னிரண்டாம் நாள்

இரத்தம் வெளுத்து, கறி கழுவின தண்ணீர் மாதிரி. தொட்டால் வாலை ஒதுக்குகிறது. இன்றுதான் நாள். வெற்றிலை வாங்கி வந்தேன். சட்டை போட்டேன். வண்டிகூட வாசலில் நின்றது.

சட்டையைக் கழற்றினேன். வண்டியைத் திருப்பி அனுப்பினேன்.

மாசி 15, சனி

பஞ்சாங்கம் பார்த்தேன். இன்று கரிநாள். நாளையும், நாளை மறுநாளும். மாசியில் வரிசையாக மூன்று. இந்த வீட்டில் கரிநாளில் எதுவும் தொடங்கியதில்லை என்றேன்.

"நாய்க்கு ஏதுங்க கரிநாளு? போயிட்டு வந்துருங்க," என்றாள் மீனாட்சி.

முடியாது என்றேன். அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கும் இப்படித்தான். எங்கண்ணன் மூணு தடவை கல்யாணத்துக்குத் தேதி கேட்டு வந்தாக. ஆடிங்கிறீக, மார்கழிங்கிறீக, கரிநாளுங்கிறீக. பொம்பளப் பிள்ளையை எம்புட்டு நாளைக்கு வீட்டில வச்சிருப்பாக?"

சுந்தரம் உள்ளே இருந்தான். கேட்டிருக்கும்.

தள்ளிப் போட்டது உண்மை. ஹெட் கிளார்க் ஆன பிறகு ஜாம் ஜாமென்று செய்யலாம் என்று நினைத்தேன். அது பாதி. பெண்ணைப் பெற்றவர்தானே, இன்னும் நாலு தடவை வந்து நிற்கட்டும் என்றும் நினைத்தேன். இங்கே எழுதலாம், யார் படிக்கப் போகிறார்கள். மூன்று வருஷமாக ஊரெல்லாம் அவரைத் துரோகி என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். வெட்கக்கேடு.

ஆனாலும் இன்று போகவில்லை.

மாசி 18, செவ்வாய். பதினாறாம் நாள்

செவ்வாய் வேறு. போனேன். சமணமலை ஓரமாக வண்டி போகையில் சிட்டு என் மடியில் தூங்கிக்கொண்டே வந்தது.

மச்சான் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். தண்ணீர் கொண்டு வந்தது வள்ளி. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், நிறைமாதம். "அத்தை நல்லா இருக்காகளா மாமா?" என்று கேட்டாள். சுந்தரத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

வெற்றிலையை நீட்டி, வாய்விட்டுக் கேட்டேன். அவிழ்த்து விட்டார்கள். வேங்கை வந்து நின்றது, என்ன கம்பீரம். சிட்டு வாலை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. வேங்கை மறுபடி கிட்டே வந்ததும் அதன் காதைக் கடித்துவிட்டது. மூன்று தடவை பார்த்தோம். மச்சான் குனிந்து பெட்டையைத் தடவிப் பார்த்தார்.

"பருவம் இறங்கிப் போச்சு மாப்ள. வெள்ளி, சனியில வந்திருந்தா ஆகியிருக்கும்."

குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் சண்டை போட்டுவிட்டாவது வந்திருப்பேன்.

மாசி 20, வியாழன்

வெயில் ஏறிவிட்டது. கா. 7 மணிக்குச் சுந்தரம் கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டான். ஏண்டா என்றேன்.

"இனிமே எதுக்குப்பா பூட்டி வச்சுக்கிட்டு?"

சிட்டு தெருவுக்குப் போயிற்று. சொறி பிடித்த தெரு நாய் ஒன்று வந்தது. மோந்து பார்த்துவிட்டு, அது பாட்டுக்குப் போய்விட்டது. சுந்தரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.