சேற்றுச் சட்டைகளுக்கு நடுவே

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டி வலி குறைந்ததா? வேக்ஃபீல்டில் இன்னும் பனியாமே. அப்பாவை ஏணியில் ஏற விடாதீர்கள். நான் சிட்னியில் நலம்.

சனிக்கிழமை ரக்பி ஆட்டத்தில் ஒரு வேடிக்கை. வீடியோ பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் நடுவர் வேலை அன்று என்னுடையது. முதல் பாதியில், பந்து கையில் பட்டு முன்னால் போனது, அது தப்பாட்டம் என்று உள்ளூர் அணியின் புள்ளிகளை ரத்து செய்தேன். இரண்டாம் பாதியில் எதிரணி மீதும் அதே புகார். எந்தக் கேமராவிலும் பந்தில் விரல் பட்டது தெரியவில்லை, புள்ளிகளைக் கொடுத்துவிட்டேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் விரல் பட்டது தெரிகிறது.

ஆட்டம் முடிந்ததும் வாசலில் ஐம்பது பேர். “குருட்டுப் பயலே, அவனுக்கு ஒரு ரூலு, எங்களுக்கு ஒரு ரூலாடா? வெளிய வாடா!”

காவலுக்கு இருந்த நோரீன் அக்கா, “சட்டைய மாத்திட்டு சலவை வேன்ல படுத்துக்க தம்பி. மூச்சு விடாத” என்றார். ஆட்டக்காரர்களின் சேற்றுச் சட்டைகளுக்கு நடுவே படுத்து வந்தேன். சிரிப்புதான். வேன் கூரையில் மட்டும் கைகள் அறைந்துகொண்டே இருந்தன.

என் பழைய சாம்பல் கோட்டை அனுப்புங்கள். இங்கே தந்ததில் முதுகு முழுக்க நடுவர் முத்திரை. யார் கேட்டாலும் என் முகவரியைச் சொல்லாதீர்கள்.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. அப்பாவிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். எனக்கு ஏழு வயதில், அவர் தூக்கிப் பிடிக்க, நானும் ஒரு நடுவரின் கார் கூரையை அறைந்தேனே. அந்த மனிதர் வீடு போய்ச் சேர்ந்தாரா?

உங்கள்
ஏட்ரியன்