போக்கிடம் இல்லாத பேரம்

இல்லை, என் அம்மாவே, ஆறவில்லை. நீ இறந்து வருஷம் திரும்பிவிட்டது. கோபம் அப்படியே இருக்கிறது. பாதி உன் மேல்.

பல்கலைக்கழகத்தில் எதைப் பற்றி ஆராய்ச்சி என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். நான் சொல்லவே இல்லை. உன்னைப் பற்றித்தான். வீட்டுக்குள் கணவனும் மனைவியும் பேசும் பேரத்தைப் பற்றி. பேச்சு முறிந்தால் போக ஓர் இடம் யாருக்கு இருக்கிறதோ, அவர் பக்கம் பேரம் சாயும். பொருளாதாரத்தில் இதற்குச் சமன்பாடு இருக்கிறது. நம் வீட்டில் ஒரு பச்சைப் பை இருந்தது.

அந்தப் பையோடு ஒரே ஒருமுறை கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினாய். நாகர்கோவிலுக்கு, மாமா வீட்டுக்கு. மறுநாளே மாமா உன்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அப்பா கத்தவில்லை. சிரித்தார். "போயேன், ஒன் அண்ணன் வீட்டுக்கு."

சந்தையில் மீன்காரியை அழவைப்பவள் நீ. அப்பாவிடம்? "தையல் கடைக்கு வேலைக்குப் போகட்டா? வேண்டாம்னா வேண்டாம்." ஒரே மூச்சில். அவர் மறுக்கும் முன் நீயே ஏன் மறுத்தாய்?

சரி, செய்தி. போன ஞாயிறு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நம் பக்கம் பேச உட்கார்ந்தது யார் தெரியுமா? அதே மாமா.

"எதுல ஆராய்ச்சி, மோளே?" என்று பையனின் அம்மா கேட்டார்.

"புருஷன் பொண்டாட்டி சண்டையில," என்றார் மாமா.

"அதுக்குப் படிக்கணுமா? எங்க வீட்டுக்கு வந்தா சும்மாவே பாக்கலாமே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். சிரிப்பு அடங்கும் முன்பே மாமா சொன்னார்: "படிப்பெல்லாம் நிறுத்திருவா. கவலப்படாண்டாம்."

பையனின் அம்மா விழித்தார். "நாங்க அதக் கேக்கலியே?"

கேட்கவே இல்லை, அம்மா. கேட்காததை எடுத்து நீட்டினார், உன் அண்ணன்.

"நான் நிறுத்தல," என்றேன்.

"சும்மா இருட்டி. பொறவு எங்க போவ?" என்றார் மாமா.

உன்னைத் திரும்பக் கூட்டி வரும்போதும் இதைத்தான் கேட்டிருப்பார். நீ என்ன சொன்னாய்? போன ஞாயிறு இதைக் கேட்டு அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

பாதி உன் மேல் என்றேன். எழுத எழுதக் குறைகிறது. மாமாவின் பங்கு கூடுகிறது.

தங்கச்சி பத்தாவது படிக்கிறாள். என்றைக்காவது அவள் ஒரு பையோடு வந்து நின்றால் ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டேன். திருப்பி அனுப்பமாட்டேன். இது உனக்கு என் வாக்கு.

உதவித்தொகையில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தேன். பச்சைப் பையில் துணிகளை அடுக்கினேன். அறையின் இன்னொரு சாவியைத் தங்கச்சியிடம் கொடுத்தேன்.

உன் மூத்தவள்