மூன்றாவது நாற்காலி

மார்ச் 4

வாத்தியாரம்மாவுக்கு,

நலம். நீயும் உன் அக்காவும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் நான் மூச்சு மட்டும்தான் விடுகிறேனாம், பேச்சு வருவதில்லையாம், ஆகவே இனி எழுதினால்தான் பதில் என்று கறாராகச் சொல்லிவிட்டாய். இதோ, எழுதுகிறேன்.

கடை ஓடுகிறது. போன வாரம் கண்ணாடி வாங்கிப் போனவர் திரும்ப வந்து சண்டை பிடித்தார். "இதைப் போட்டதிலேர்ந்து வீட்ல எல்லாரும் வயசானவங்களாத் தெரியறாங்க, மாத்திக் குடுங்க" என்றார். பவர் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நீ இருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பாய். வீட்டில் பால் பொங்கி அடுப்பு நாறிவிட்டது. மற்றபடி குறையில்லை.

உன் பயிற்சி மையத்திலிருந்து இயக்குநர் பேசினார். சனிக்கிழமை வகுப்பை நிறுத்த முடியாதாம். உன் நாற்காலியில் விடுதி வார்டனை உட்கார வைக்கிறார்களாம். புருஷன் நாற்காலிக்கு மட்டும் ஆள் மாற்றவில்லை. குடும்ப ஆலோசகர் ஆகப்போகிற பிள்ளைகளுக்கு முன்னால் சண்டைக்காரப் புருஷன் பெண்டாட்டியாக நடிக்க வேண்டும் என்று என்னை முதல் தடவை நீ இழுத்துப் போனாயே, அன்றைக்கு, "நீங்க சும்மா வாயைத் திறந்தாலே போதும்" என்றாய். இன்று நான் இல்லாமல் அவர்களுக்குக் கை ஓடவில்லை. எப்படி நம் பெருமை!

எப்போது வருகிறாய்? ஒரு சின்ன வார்த்தைக்காக வீட்டை விட்டுப் போவார்களா?

இப்படிக்கு,
உன் கண்ணாடிக்கடைக்காரன்

மார்ச் 11

என்னங்க,

கடிதம் கிடைத்தது. கண்ணாடிக்காரர் கதையை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன், சிரித்தோம். கடைசி வரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சின்ன வார்த்தை என்கிறீர்கள். அது எவ்வளவு சின்னது என்று நான் சொல்கிறேன்.

அன்று சனிக்கிழமை. மூன்று நாற்காலி. ஒன்றில் நீங்கள், எதிரில் நான், நடுவில் ஆலோசகராகப் பழகும் அந்த ஒல்லிப் பெண். பயந்து பயந்து, "உங்க மனைவிகிட்ட உங்களுக்குப் பிடிச்சது என்ன சார்?" என்று கேட்டாள். நீங்கள் யோசிக்கவே இல்லை. "கோவம் வந்தா அவ பாத்திரத்தை மெதுவா வைப்பா. சத்தம் கேக்காதப்பதான் எனக்குப் பயமா இருக்கும். தூங்கறப்ப என் சட்டை நுனியைப் பிடிச்சுக்குவா. நான் எழுந்திருக்கணும்னா சட்டையைக் கழட்டி அவ கையிலயே விட்டுட்டுத்தான் எழுந்திருப்பேன்" என்றீர்கள். பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வகுப்பு நடத்துகிற நான், நேரம் முடிந்து மணி அடிக்க வேண்டியதையே மறந்துவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இப்படி ஒரு புருஷன் இருப்பது தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டியில் வீடு வரை நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. சமையலறையில் தண்ணீர் கொடுத்துவிட்டு, "அங்க சொன்னதை இங்க ஒரு தடவை சொல்லுங்களேன்" என்று கேட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன். நீங்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அது நடிப்புதானே. பசங்க கத்துக்கணும்ல" என்றீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் வேஷத்தை நாற்காலியிலேயே விட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். வகுப்பிலேயே அதை ஒழுங்காகச் செய்கிற ஆள் நீங்கள்தான். இருப்பதையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறீர்கள்.

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அது நடிப்பில்லை என்று என் புருஷனாக ஒரு தடவை சொல்லுங்கள். மறுநாளே பெட்டியோடு வந்து நிற்பேன்.

உங்கள் மனைவி

மார்ச் 20

வாத்தியாரம்மாவுக்கு,

நலம். சனிக்கிழமை போயிருந்தேன். வார்டனம்மா நல்ல மனுஷி, ஆனால் புருஷனையும் விடுதிப் பிள்ளை மாதிரியே அதட்டுகிறார். வழக்கமான கேள்வி வந்தது, மனைவியிடம் என்ன பிடிக்கும் என்று. "நல்லா சமைப்பாங்க" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இயக்குநர் தோளைத் தட்டி, "என்ன சார், இன்னைக்கு ஃபார்ம்ல இல்லையா?" என்றார். இல்லைதான்.

உனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. அங்கே கண்ட கடையில் போட்டுக்கொள்ளாதே. ஃப்ரேம் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், உன் முகத்துக்கு எடுப்பாக இருக்கும்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா நகரமாட்டேன் என்கிறது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் உனக்குத் தெரியாதா? தெரிந்ததை எதற்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும்? எங்கள் அப்பா என் அம்மாவிடம் சாவி எங்கே என்பதைத் தவிர வேறெதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் குடித்தனம் நடத்தவில்லையா?

கோபித்துக்கொள்ளாதே.

உன் கண்ணாடிக்கடைக்காரன்

மார்ச் 27

என்னங்க,

தெரியாது. சத்தியமாக எனக்குத் தெரியாது. உங்கள் அம்மாவுக்கும் தெரிந்திருக்காது. அவர்களை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நம் மையத்துக்கு இங்கே உள்ள கிளையில் என்னை வகுப்பெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், நிரந்தரமாகவே இருந்துவிடுங்கள் என்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று இழுத்தடிக்கிறேன். எதற்காக இழுக்கிறேன் என்று உங்களுக்குப் புரியும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சமையலறையில் ஒரு டீ குடிப்போம். அப்போது சொல்லுங்கள். இதற்கு மேல் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

உங்கள் மனைவி

மார்ச் 31

வாத்தியாரம்மாவுக்கு,

வா. வீட்டைக் கூட்டிப் பெருக்கித் துடைத்தாகிவிட்டது, அடுப்பு பளபளக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை என்று பலகை மாட்டிவிட்டேன். சொல்கிறேன். கண்டிப்பாகச் சொல்கிறேன். அதற்கு ஒரு ஏற்பாடும் செய்து வைத்திருக்கிறேன், வந்து பார், சிரிக்கக் கூடாது.

பஸ் நிலையத்துக்கு வண்டியோடு வந்து நிற்பேன். நீ வருகிறேன் என்று எழுதியதைப் படித்த பிறகு கடையில் எல்லோருக்கும் தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நீ சீக்கிரம் வராவிட்டால் கடை திவால்.

உன் கண்ணாடிக்கடைக்காரன்

ஏப்ரல் 9

என்னங்க,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடனே எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை.

கூடத்தில் மூன்று நாற்காலி போட்டு வைத்திருந்தீர்கள். எதிரெதிரே இரண்டு, நடுவில் ஒன்று. நான் சிரிக்கவில்லை. கதவருகிலேயே திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். ஆனாலும் வந்து மனைவியின் இடத்தில் உட்கார்ந்தேன். நீங்கள் என் எதிரில் உட்கார்ந்து நடுவிலிருந்த வெறும் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வாய் திறக்கும், மூடும். டீ ஆறி ஆடை படிந்தது. உங்கள் நெற்றியில் வேர்த்ததைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அதனால்தான் எழுந்து போய் நடுவில் உட்கார்ந்தேன். வகுப்பில் ஒரு பிள்ளை தடுமாறினால் அப்படித்தான் செய்வேன், பழக்கதோஷம். "சொல்லுங்க சார்" என்றேன்.

உடனே மடை திறந்துவிட்டது.

"அவளுக்கு மொதல் மொதல்ல கண்ணாடி போட்டு விட்டதும் நான்தான். எல்லாரும் கண்ணாடி போட்டதும் தன் மூஞ்சியத்தான் பாப்பாங்க. அவ என்னைப் பாத்தா. நீங்க இப்படித்தான் இருப்பீங்களா, நல்லாத்தான் இருக்கீங்கன்னா. கண்ணாடி டப்பா எடுத்துட்டு வரேன்னு உள்ள போயி நான் அழுதேன். அதுவரைக்கும் யாரும் என்னை அப்படிப் பாத்ததில்ல. இன்னிக்கும் யாருக்குக் கண்ணு பாத்தாலும் அவ கண்ணுதான் ஞாபகத்துக்கு வருது" என்றீர்கள். இன்னும் எவ்வளவோ சொன்னீர்கள். அழுதீர்கள், சிரித்தீர்கள், கையை ஆட்டி ஆட்டிப் பேசினீர்கள். அன்று டப்பா எடுக்க ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் அங்கே கடுகடுத்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

நான் கேட்க ஆசைப்பட்டதெல்லாம் என் காதில் விழுந்தது, ஒன்றுகூட மிச்சமில்லை. அப்போது பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் கேள்வியைக் கேட்டேன். "இதையெல்லாம் உங்க மனைவிகிட்ட நேரா சொல்லியிருக்கீங்களா?"

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, என் முகத்தை நேராகப் பார்த்தீர்கள். "எங்க மேடம். சொல்லணும்னுதான் இருந்தேன். அவ போயிட்டாளே" என்றீர்கள்.

நான் என் நாற்காலிக்குத் திரும்பி வந்தேன். நீங்கள் ஆறிய டீ டம்ளர்களை எடுத்தீர்கள். பிறகு, "இன்னொரு டீ போடவா?" என்று கேட்டீர்கள்.

பஸ்ஸில் வரும்போது நிஜமாகவே யோசித்தேன். தினமும் சாயங்காலம் அந்த நடு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டால் என்ன? உயிர் இருக்கும் வரை நீங்கள் பேசிக்கொண்டே இருப்பீர்கள், நானும் கேட்டுக்கொண்டே இருக்கலாம். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நீங்கள் பொய்க்காரர் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது, அதுவே ஆறுதல். ஆனால் நீங்கள் சொன்ன அந்த அம்மாளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது, அவ்வளவு பிரியமான புருஷன் அவளுக்கு. அவள் இடத்தில் உட்கார்ந்தால் எனக்கு ஒன்றுமே கேட்பதில்லை.

இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று கிளையில் சொல்லிவிட்டேன். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அக்கா கதவைத் தட்டவில்லை. என் புடவைகளை அனுப்ப அவசரமில்லை. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள், சனிக்கிழமை வகுப்பை விட்டுவிடாதீர்கள். அங்கேயாவது பேசுங்கள்.

உங்கள் மனைவியை உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று நன்றாகவே சொன்னீர்கள், சார். கவலைப்படாதீர்கள். அவளிடம் நான் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
வாத்தியாரம்மா