சாவி இன்று உன் ஆணியில்

மாப்பிள்ளை,

மோட்டார் ரூம் சாவி என் உள்ளங்கையில் இருக்கிறது. துரு வாசம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடிந்ததும் இதை உன் கையில் கொடுப்பேன். மறுநாள் நீ என்னிடம் கொடுப்பாய். நமக்குள் சொந்தம் எதுவுமில்லை. இரண்டு காட்டுக்கும் ஒரே கிணறு, அதனால் மாப்பிள்ளை, மச்சான் ஆனோம். இன்று உன் நாள். சாவியை வாங்க நீ இல்லை.

எனக்கு எழுத வந்துவிட்டது, தெரியுமா? சாயங்கால வகுப்புக்குப் போகிறேன். எழுத்து எழுத்தாக வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு வரி முடிந்தால், உழுது முடித்த காட்டைப் பார்ப்பது போலத் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். நேற்று டீச்சரம்மா பலகையில் ‘சட்டம்’ என்று எழுதி, “அப்படீன்னா என்னங்க?” என்று கேட்டார். “போலீசுங்க” என்றார் ஒருவர். “வக்கீலுக்குச் சோறுங்க” என்றாள் ஒரு கிழவி. எல்லோரும் சிரித்தோம். எனக்கு உன் முகம் ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

மழை பொய்த்த அந்த வருஷம் நான் சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். என் வீட்டாரும் என்னோடு அங்கேயே. உன் மஞ்சள் வாடிக்கொண்டிருந்தது. கிணற்றில் கொஞ்சம் தண்ணீர், கையில் சாவி, கேட்க ஆளில்லை. என் நாளில் நீயே மோட்டார் போட்டு, என் குச்சிக்கிழங்குக்குத் தண்ணீர் கட்டினாய். “கிறுக்கா உனக்கு? உன்ற காடு காயுது” என்று ஏசினார்களாம். “மச்சான் இங்க நின்னா அவரு வாயே போதுமுங்க. அவரு இல்லாதப்பத்தானுங்க பேசி வெச்ச பேச்சுக்கு வேலை” என்றாயாம். உன் மஞ்சளில் பாதி போயிற்று. நான் வந்து கைகூப்பியபோது, “தண்ணி உங்களுதுங்க மச்சான். நான் மடை திறந்து உட்டேன், அவ்வளவுதான்” என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாய்.

வகுப்பில் இதைச் சொல்ல எழுந்தேன். “எங்க மாப்பிள்ளை” என்றதோடு உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வருஷமும் கிணறு வற்றுகிறது. என் கிழங்குச் செடியில் இலை தொங்குகிறது. நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் சம்சாரம் கண் ஆபரேஷன் செய்துகொண்டு அஸ்தம்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறாள். காலையில் என் மகன் கேட்டான்: “ஏனுங்கப்பா, மாமனும் போயிட்டாரு, அத்தையும் ஊர்ல இல்ல. இன்னிக்கும் நாமளே பாய்ச்சிக்கலாமுங்க. யாரு கேக்கப் போறா?”

அவன் கெட்டவன் இல்லை. காய்கிற பயிரைப் பார்த்தவன் கேட்பதுதான். “கேக்க ஆளில்லீங்கறதாலதான்டா சாமி” என்றேன். மோட்டாரைப் போட்டு, உன் காட்டுப் பக்கம் மடையைத் திறந்தேன். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றவன், பிறகு அவனே வந்து அடுத்த பாத்திக்குத் திருப்பிவிட்டான். கடைசிப் பாத்தியில் தண்ணீர் ஏறியபோது உன்னைக் கூப்பிட வாயெடுத்தேன், மாப்பிள்ளை.

நாம் பேசி வைத்தது நம் இருவர் வாயில்தான் இருந்தது. அதில் ஒரு வாய் மண்ணுக்குள் போய்விட்டது. எனக்கும் வயதாகிறது. அதனால் கதவுக்கு அடித்து மீந்த நீலப் பெயின்ட்டை எடுத்து மோட்டார் ரூம் சுவரில் எழுதினேன்: ‘ஒரு நாள் எங்கள் காட்டுக்கு. மறுநாள் மாப்பிள்ளை காட்டுக்கு.’ எழுத்து கோணல்தான். ஆனாலும் மகன் திக்காமல் வாசித்தான்.

சாவியை உன் வீட்டு வாசல் ஆணியில் மாட்டிவிட்டு வரப்போகிறேன். நாளை விடிந்த பிறகுதான் எடுப்பேன்.