தானாக நிற்காத வண்டி

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

இன்று ஆமத்தூர் பக்கம் எங்கள் புது எலெக்ட்ரிக் கார் முன்னால் போன சின்னக் காரின் மேல் மோதியது. ஓட்டியவர் என் கணவர். போன் பேச்சில் ரோட்டைக் கவனிக்கவில்லை. அந்தக் கார் தள்ளிப்போய்ப் பாலச் சுவரில் இடித்து நசுங்கியது. அதை ஓட்டி வந்த நர்ஸம்மாவுக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது. எங்களுக்குச் சின்னக் காயம்கூட இல்லை.

வீட்டில் மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டார். "பெரிய வண்டியா வாங்குனதாலதான் தப்பிச்சீக" என்றார். இவரும் தலையாட்டினார்.

சிட்னியிலிருந்து என் தம்பி இவரிடம் போனில் பேசினான். அவனும் இதே கார்தான் வைத்திருக்கிறான்.

"முன்னால வண்டி இருந்தா அதுவே பிரேக் போட்டுருமே மச்சான்?"

"இங்கன விக்கிறதுல அது கிடையாது மாப்ளே."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்! அங்கே இருப்பவன் உயிரைக் காக்க வைத்ததை இங்கே எடுத்துவிட்டு விற்கிறார்கள். வாங்கும்போது நாங்கள் விசாரித்ததெல்லாம் நிறமும் கூரைக் கண்ணாடியும்தான்.

மோதிய இடத்தில் ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அந்த நர்ஸம்மா வலியோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையேம்மா?" என்று கேட்டார்.

என் பின்னால் இவர் குனிந்து எங்கள் கார் பம்பரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.