மூன்றாம் ஓலை

கிழக்குத் தாம்பரம்
26 செப்டம்பர் 1972

டாக்டர் ரத்தினபாய் அவர்களுக்கு,

உன் தங்கை ஜோதிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை பெருங்களத்தூர் துரை, ரயில்வேயில் வேலை. அடுத்த மாதம் எட்டாம் தேதியிலிருந்து மூன்று ஞாயிறும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, தடை உண்டா என்று கேட்பார்கள். தகவலுக்காக எழுதுகிறேன், அழைப்பு அல்ல.

நீ அனுப்பிய ஆராய்ச்சிக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான்கு இடங்களில் சிவப்பு மையால் திருத்தம். மூன்று, உன் ஆங்கிலம். நான்காவது, என் தம்பி வேதசிரோமணி செத்தது ரத்தப் போக்கால் அல்ல, சைக்கிளிலிருந்து விழுந்து.

ரத்தம் உறையாத வியாதி என்று நம் வம்சாவளிப் படம் போட்டு, ஒரு வட்டத்துக்குள் புள்ளி வைத்திருக்கிறாயே, அது நான்தானே? உன் தம்பி லாசரஸைப் பல் பிடுங்கக் கூட்டிப்போய்ப் பிணமாகக் கொண்டுவந்தாய். அவன் சாவை வைத்தே பட்டம் வாங்கினாய். இப்போது என்னையும் புள்ளியாக்கிவிட்டாய்.

சாராள் தேவானந்தம்

பம்பாய்
2 அக்டோபர் 1972

கர்த்தருக்குள் அன்பான அம்மாவுக்கு,

மூன்று திருத்தங்கள் சரி. நான்காவது திருத்தமே அல்ல. வட்டத்துக்குள் புள்ளி என்றால் வியாதியைச் சுமப்பவள்; ஆம், அது நீங்கள்தான்.

துரை வீட்டாரிடம் லாசரஸைப் பற்றிச் சொன்னீர்களா? மாமாவைப் பற்றி? இந்த வியாதி தாயிடமிருந்து பெண்களுக்குப் போகும். பெரும்பாலும் அவர்களை ஒன்றும் செய்யாது. அவர்கள் பெறும் ஆண் பிள்ளைகளைப் பிடிக்கும். ஜோதிக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உங்கள் ரத்தத்தையும் அவள் ரத்தத்தையும் ஒப்பிட்டால் ஓரளவு சொல்ல முடியும். தபாலில் அனுப்ப முடியாது; எடுத்த கையோடு ஐஸில் வைக்க வேண்டும். நானே வருகிறேன். வாசற்படி ஏற விடுவீர்களா?

ரத்தினம்

கிழக்குத் தாம்பரம்
9 அக்டோபர் 1972

டாக்டர் அவர்களுக்கு,

முதல் ஓலை வாசித்தாயிற்று. தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்றார் போதகர். யாரும் இருமக்கூட இல்லை.

என் பிறந்த வீட்டு ரத்தத்தில் குறை கிடையாது. நாற்பது வயதாகியும் கழுத்தில் தாலி ஏறாதவளுக்குத் தங்கை தாலி பொறுக்கவில்லை என்று நான் நினைக்கலாமா? ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வராதே.

சாராள் தேவானந்தம்

பம்பாய்
14 அக்டோபர் 1972

அம்மா,

மாமா சைக்கிளிலிருந்து விழுந்தது உண்மை. விழுந்ததில் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த ரத்தம் நிற்காமலே செத்தார். அப்பா சாகும் முன் என்னிடம் சொன்னார். லாசரஸை என்னோடு பல் டாக்டரிடம் அனுப்பும்போது உங்களுக்கு இது தெரியும். எனக்குத் தெரியாது, பதினைந்து வயது.

நான் முதலில் சோதித்தது என் ரத்தத்தை. எனக்கு இருக்கிறது. தாலி ஏன் ஏறவில்லை என்பதற்குப் பதில்.

மூன்றாம் ஓலைக்குள் நீங்கள் சொல்லாவிட்டால் போதகருக்குத் தந்தி கொடுப்பேன்.

ரத்தினம்

கிழக்குத் தாம்பரம்
22 அக்டோபர் 1972, ஞாயிறு

ரத்தினம்,

உன் தந்திக்கு அவசியமில்லை. என் வீட்டு ஓலையைப் பம்பாயிலிருந்து ஒருத்தி நிறுத்துவதா? தடை உண்டா என்று போதகர் கேட்டதும் நானே எழுந்தேன். பின் வரிசையில் யாரோ பாட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் போதகர் அறையில், துரைக்கும் அவன் தாயார் செல்வமேரிக்கும் எதிரில் எல்லாவற்றையும் சொன்னேன். நாக்கைக் கடித்ததையும்.

"இன்னாம்மா இது, பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்றதில்ல?" என்றார் செல்வமேரி. "பல்லு புடுங்க உங்க பெரிய பொண்ணுதானே கூட்டினு போச்சு? அது டாக்டருக்குப் படிச்சு இன்னா புண்ணியம்?"

"அவளை ஏச நான் ஒருத்தி இருக்கிறேன். நீங்கள் சிரமப்பட வேண்டாம்" என்றேன். அந்த அம்மாள் எழுந்து போய்விட்டார்.

துரை போகவில்லை. "டெஸ்ட் எப்போ ஆன்ட்டி?" என்றான். ஜோதி என் முகத்தைப் பார்த்தாள்.

ஆகவே வா. ஐஸ் பெட்டி வைக்க உன் அறை மேஜையைக் காலி செய்திருக்கிறேன். லாசரஸைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது. சோதனைக் குழாயில் எண்ணோ புள்ளியோ போடாதே. என் பெயரை முழுதாக எழுது.

அம்மா

பின்குறிப்பு: நான்காவது திருத்தத்தை அடித்துவிடு.